கணக்கு திருடு போனால் மறைக்காதீர்கள்

(கடலூரிலும் சிதம்பரத்திலும் நமது அறக்கட்டளை நடத்திய குடும்ப விழிப்புணர்வுக் கூட்டங்களில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கான பதில்கள் இடையிடையே சேர்க்கப்பட்டுள்ளன.)





நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பல வருடம் செல்போன் கடை வைத்திருந்தவன். ரீசார்ஜ், சிம், டெம்பர் கிளாஸ், அவ்வளவுதான் என் படிப்பு. இப்போது அறக்கட்டளை அலுவலகத்தில் உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிறேன். "என் வாட்ஸ்அப் போயிடுச்சு பாய்", "பிள்ளையோட இன்ஸ்டாகிராமை யாரோ பிடிச்சுக்கிட்டாங்க" என்று வருகிறவர்கள் அதிகமாகிவிட்டதால், அதைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

வெளியில் தேட வேண்டாம், என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். ரமலான் மாதம், லுஹர் தொழுகை முடிந்த நேரம். என் தங்கைக்கு அவளுடைய நாத்தனார் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. "ஒரு 6 இலக்க நம்பர் தவறுதலா உனக்கு வந்திருக்கும், கொஞ்சம் அனுப்பு." பார்த்தால் அப்படி ஒரு எண் எஸ்எம்எஸ்ஸில் வந்திருக்கிறது. நோன்பு அசதி. கேட்பது நாத்தனார். அனுப்பிவிட்டாள். அடுத்த நிமிடம் வாட்ஸ்அப் மூடிக்கொண்டது.

போன் கெட்டுவிட்டது என்று நினைத்து அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறாள். பிறகு ஏதோ தவறு நடந்துவிட்டது என்று மனதுக்குப் பட்டிருக்கிறது. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் திட்டுவார், மாமியார் ஏதாவது சொல்வார் என்ற பயம். அஸர் வரைக்கும், ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த இரண்டரை மணி நேரமும் திருடன் சும்மா இருக்கவில்லை. "உம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் அவசரமா கட்டணும், என் யுபிஐ வேலை செய்யலை" என்று அவள் பெயரில், அவள் புகைப்படத்தோடு, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் செய்தி போகிறது. குவைத்தில் இருக்கும் எங்கள் தம்பி முதலில் 25,000, அடுத்து 15,000 அனுப்பினான். உம்மா என்றால் அவன் கேள்வி கேட்பானா? பக்கத்து வீட்டுப் பெரியம்மா பித்ராவுக்கு எடுத்து வைத்திருந்த 3,000 ரூபாயைப் பேரனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நாத்தனாரின் கணக்கும் அன்று காலையில் இதே வழியில்தான் போயிருந்தது என்று பிறகு தெரிந்தது. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் தங்கையிடம் அது நின்றிருக்கும்.

கவனியுங்கள், என் தங்கையின் கையிலிருந்து ஒரு ரூபாய் போகவில்லை. போனதெல்லாம் அவளை நம்பியவர்களின் பணம். நம்முடைய கணக்கை எடுப்பவனுக்கு நம் வங்கி இருப்பு அவ்வளவு முக்கியமில்லை. நம் பெயருக்கு ஊரில், உறவில் இருக்கும் மதிப்புதான் அவனுக்குச் சரக்கு. அது நம்மிடம் இருக்கும் அமானிதம். ஆகவே கணக்கு போனது தெரிந்த உடனே செய்ய வேண்டிய முதல் வேலை கணக்கை மீட்பது அல்ல. சொல்வது. "என் வாட்ஸ்அப் என்னிடம் இல்லை, யார் கேட்டாலும் பணம் அனுப்பாதீர்கள்" என்று சாதாரண போன் காலில் ஐந்து பேருக்குச் சொல்லுங்கள். அந்த ஐந்து பேரும் குடும்ப குரூப்பிலும் ஜமாஅத் குரூப்பிலும் போடட்டும். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

வெட்கப்பட ஒன்றுமில்லை. 2024 ஆகஸ்டில் மகாராஷ்டிர எம்.பி. சுப்ரியா சுலேயின் வாட்ஸ்அப் பறிபோனது. அவர் ஒளிக்கவில்லை, எனக்குப் போன் செய்யாதீர்கள், செய்தி அனுப்பாதீர்கள் என்று பகிரங்கமாகவே எழுதினார். 2021 ஜூலையில் நடிகை குஷ்புவின் ட்விட்டர் கணக்கைப் பிடித்தவர்கள் அதன் பெயரையே மாற்றிவிட்டார்கள். அவர் அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபுவிடம் புகார் கொடுத்தார். பாடகி ஸ்ரேயா கோஷலின் எக்ஸ் கணக்கு 2025 பிப்ரவரியில் போய், ஏப்ரலில்தான் திரும்பக் கிடைத்தது. இடையில் அவர் வேறு தளத்தில், அந்தக் கணக்கில் வரும் எதையும் நம்பாதீர்கள் என்று ரசிகர்களுக்குச் சொல்லிவிட்டார். இவர்களுக்கே நடக்கிறது, நமக்கு நடந்தால் என்ன குறைந்துவிடும்?

திருடன் பெரிய மேதை என்றும் நினைக்க வேண்டாம். 2020 ஜூலையில் ஒபாமா, பில் கேட்ஸ் போன்றவர்களின் ட்விட்டர் கணக்குகளில் ஒரே நாளில் பிட்காயின் மோசடிச் செய்தி வந்ததே, அதன் சூத்திரதாரி அமெரிக்காவில் புளோரிடாவைச் சேர்ந்த 17 வயதுப் பையன். ட்விட்டர் ஊழியர்களிடமே போனில் பேசி ஏமாற்றித்தான் உள்ளே போனார்கள். பூட்டை உடைப்பதில்லை, நம்மிடமே சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

சாவியை எப்படி எப்படியெல்லாம் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால்தான் மீட்கும் வழியும் புரியும். ஒன்று, நான் சொன்ன 6 இலக்க எண். இன்னொன்று பார்சல் வழி. 2025 செப்டம்பர் 15 அன்று பெங்களூரில் கன்னட நடிகர் உபேந்திராவின் மனைவி பிரியங்காவுக்கு டெலிவரி என்று சொல்லி அழைப்பு வந்தது. ஹேஷ், ஸ்டார் எல்லாம் சேர்ந்த ஒரு எண்ணை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார். வாட்ஸ்அப் போய்விட்டது. கணவரின் கணக்கும் போனது. அவசரமாக 55,000 ரூபாய் வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி போனது. அவர்களுடைய மகனே, அம்மாதான் கேட்கிறார் என்று நம்பிப் பணம் அனுப்பிவிட்டார்.

ஸ்டார் 21 ஸ்டார் என்று தொடங்கி ஒரு மொபைல் எண்ணைப் போட்டு ஹேஷ் அழுத்தினால், நமக்கு வரும் கால்களெல்லாம் அந்த எண்ணுக்குத் திரும்பிவிடும். கால் ஃபார்வர்டிங் என்பது அதுதான். வாட்ஸ்அப் தன்னுடைய 6 இலக்க எண்ணை எஸ்எம்எஸ்ஸில் மட்டுமல்ல, போன் கால் வழியாகவும் சொல்லும். திருடன் "எனக்குக் கால் பண்ணிச் சொல்" என்று தட்டுவான், கால் அவனுக்கே போகும். நீங்கள் யாருக்கும் எந்த ஓடிபியும் சொல்லியிருக்கமாட்டீர்கள், கணக்கு போயிருக்கும்.

மூன்றாவது, கல்யாணப் பத்திரிகை. "நிக்காஹ் இன்விடேஷன்" என்று ஒரு ஃபைல் வரும். கடைசியில் ஏ.பி.கே. என்று மூன்று எழுத்து இருக்கும். அது பத்திரிகை அல்ல, ஆப். போக்குவரத்து அபராதம், விவசாயிகளுக்கான உதவித்தொகை என்ற பெயர்களிலும் வருகிறது. போட்டுவிட்டால் நம் எஸ்எம்எஸ் எல்லாம் அவனுக்குப் போகும். நம் பக்கம் கல்யாண சீசனில் ஒரு நாளைக்கு நான்கு பத்திரிகை வருவதால் இது சுலபமாக ஓடுகிறது. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். "இன்ஸ்டால்" என்று கேட்டாலே அது பத்திரிகை அல்ல.

நான்காவது, நம்மை வெளியேற்றாமலே உள்ளே வந்து உட்காருவது. "உங்க போட்டோ ஒண்ணு பார்த்தேன்" என்று ஒரு லிங்க் வரும். அங்கே நம் எண்ணைக் கேட்கும், பிறகு ஒரு கோடு காட்டி அதை வாட்ஸ்அப்பில் போடச் சொல்லும். போட்டால் அவனுடைய கம்ப்யூட்டர் நம் கணக்கோடு இணைந்துவிடும். 2025 டிசம்பரில் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. இதில் நம் வாட்ஸ்அப் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும், அவனும் படித்துக்கொண்டிருப்பான்.

இனி மீட்பது. இதில் வரிசை முக்கியம், வரிசை தப்பினால் மீட்கும் எண்ணும் அவனுக்கே போய்ச் சேரும். டெலிவரி, பார்சல் என்று ஏதாவது எண் அழுத்தியிருந்தால் முதலில் ஹேஷ் ஹேஷ் 002 ஹேஷ், அதாவது ##002# என்று போட்டு கால் பட்டனை அழுத்துங்கள். எல்லா ஃபார்வர்டிங்கும் நீங்கும். ஏ.பி.கே. ஃபைல் எதையாவது போட்டிருந்தால் அந்த போனில் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்து, சிம்மைக் கழற்றி வேறு ஒரு நல்ல போனில் போடுங்கள். பழைய போனை ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகுதான் மறுபடி எடுக்க வேண்டும். படங்கள் போய்விடுமே என்று கேட்பீர்கள். மற்றொரு போனுக்குப் படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், ஆப்களை எடுக்காதீர்கள்.

அதன் பிறகு வாட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் எண்ணையே போட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் 6 இலக்க எண் வரும், போடுங்கள். போட்ட அந்த நொடியே திருடன் வெளியேறிவிடுவான். சிலருக்கு அடுத்து ஒரு பின் கேட்கும். அது திருடன் வைத்தது, உங்களுக்குத் தெரியாது. இங்கேதான் பலர் கணக்கு போயே போய்விட்டது என்று அழுகிறார்கள். அழ வேண்டாம். 7 நாள் காத்திருந்தால் அந்தப் பின் இல்லாமலே உள்ளே போகலாம். அந்த 7 நாளும் நீங்கள் உள்ளே இல்லாவிட்டாலும் அவனும் உள்ளே இல்லை. வாட்ஸ்அப் நிறுவனமே சொல்லும் விதி இது. என் தங்கைக்கு அப்படித்தான் ஆனது, எட்டாவது நாள் திரும்பக் கிடைத்தது.

உள்ளே போனதும் செட்டிங்ஸில் "லிங்க்டு டிவைசஸ்" என்று இருப்பதைத் திறந்து, தெரியாத கம்ப்யூட்டர் எது இருந்தாலும் வெளியேற்றுங்கள். குரூப்களில் உங்கள் பெயரால் யாரையாவது அட்மின் ஆக்கியிருக்கிறானா என்றும் பாருங்கள்.

சிதம்பரத்தில் ஒரு சகோதரி சீட்டில் எழுதிக் கேட்டிருந்தார், "நான் பழைய நாட்களில் அனுப்பிய படங்களையெல்லாம் பார்த்திருப்பானா?" ஓடிபி வாங்கி வேறு போனில் கணக்கைத் திறந்தவனுக்குப் பழைய உரையாடல்கள் தானாக வருவதில்லை. அவை உங்கள் போனிலேயே இருக்கின்றன. அதற்குப் பிறகு வந்த செய்திகளைத்தான் அவன் பார்ப்பான். ஆனால் நான்காவதாகச் சொன்னேனே, கம்ப்யூட்டரை இணைப்பது, அதில் பழையவையும் தெரியும். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

அப்படிக் கிடைத்த படத்தை வைத்து யாராவது மிரட்டினால், தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பான். செய்தியை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்தில், அதாவது சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். ஸ்டாப்-என்சிஐஐ என்று ஒரு தளம் இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாமல், அதன் அடையாள எண்ணை மட்டும் எடுத்து, சேர்ந்திருக்கும் தளங்களில் அந்தப் படம் ஏறாமல் தடுக்க உதவும். அது 18 வயது நிரம்பியவர்களுக்கு. சிறு பிள்ளைகளுக்கு "டேக் இட் டவுன்" என்ற தளம். 181 பெண்கள் உதவி எண், 1098 குழந்தைகளுக்கு. தகப்பன்மார்களிடம் ஒன்று சொல்கிறேன். பிள்ளை வந்து சொன்னால் அன்று கோபப்படாதீர்கள். முதல் நாள் கைநீட்டிவிட்டால் அடுத்த தடவை அது உங்களிடம் வராது.

இன்ஸ்டாகிராம், பேஸ்புக் கதை வேறு. அங்கே திருடன் முதலில் மாற்றுவது ஈமெயிலையும் மொபைல் எண்ணையும். மாற்றியதும் உங்கள் பழைய ஈமெயிலுக்கு, "உங்கள் ஈமெயில் மாற்றப்பட்டது, இதைச் செய்தது நீங்கள் இல்லையென்றால் இங்கே அழுத்துங்கள்" என்று நிறுவனம் ஒரு மெயில் அனுப்பும். அதைப் பார்த்தவுடன் அழுத்தினால் மாற்றத்தைத் திருப்பிவிடலாம். அது தவறினால் இன்ஸ்டாகிராம் டாட் காம் ஸ்லாஷ் ஹேக்டு, பேஸ்புக் டாட் காம் ஸ்லாஷ் ஹேக்டு என்று பிரவுசரில் அடித்துப் போங்கள். யாரோ அனுப்பிய லிங்க்கில் போகாதீர்கள். இன்ஸ்டாகிராமில் உங்கள் படங்கள் இருந்தால் முகத்தைத் திருப்பித் திருப்பி ஒரு வீடியோ செல்ஃபி கேட்கும். நம் பெண்கள் தயங்குகிறார்கள். அந்த வீடியோ கணக்கில் யாருக்கும் தெரியாது, 30 நாளில் அழிக்கப்படும் என்பது நிறுவனத்தின் வாக்கு. படமே போடாத கணக்கென்றால் முதலில் பதிந்த ஈமெயில், எண், எந்த வகைப் போன் என்று கேட்பார்கள்.

இங்கேதான் என் பழைய தொழிலின் பாவம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புதுப் போன் வாங்க வருபவர்களுக்கு நாங்களே ஒரு ஜிமெயில் தொடங்கிக் கொடுப்போம். பெயர் எதையாவது போட்டு, பாஸ்வேர்டாக அவர்களுடைய மொபைல் எண்ணையே வைத்து, அவசரத்தில் ரெக்கவரி எண்ணுக்கு எங்கள் கடை எண்ணைக்கூடப் போட்டுவிடுவோம். கெட்ட எண்ணம் இல்லை, அடுத்த கஸ்டமர் நின்றுகொண்டிருப்பார். கடை மூடிப் பல வருடமான பிறகும் அந்த மெயிலில்தான் அவர்களுடைய பேஸ்புக்கும் போட்டோக்களும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் போன் செட்டிங்ஸில் கூகுள் என்ற இடத்தைத் திறந்து, உங்கள் மெயில் முகவரி என்ன, ரெக்கவரி எண் யாருடையது என்று பாருங்கள். கடைக்காரர் எண்ணாக இருந்தால் மாற்றுங்கள், என்னுடையதாக இருந்தாலும் மாற்றுங்கள். ஜிமெயிலே திருடு போயிருந்தால், அவன் ரெக்கவரி எண்ணை மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய எண்ணை வைத்து மீட்க கூகுள் இடம் தருகிறது. எப்போதும் பயன்படுத்திய அதே போனில், வீட்டின் அதே வைஃபையில் முயன்றால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் விஷயம் தனியாகப் பேச வேண்டியது. பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் நெல்லிக்குப்பத்திலும் வீட்டுக்கு ஒருவராவது சவூதி, குவைத், துபாய், சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். இந்திய எண்ணில்தான் வாட்ஸ்அப், பேஸ்புக், வங்கி எல்லாம். ஆனால் அந்தச் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். வைஃபையில் வாட்ஸ்அப் ஓடிக்கொண்டிருப்பதால் எண் உயிரோடு இருப்பதாக நினைப்பு. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். இந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 நவம்பரில் இதைத்தான் டிராய் அங்கே சொன்னது. பழைய எண்ணைவிட்டால் அதில் இருப்பதையெல்லாம் அழித்துக்கொள்வது நம் பொறுப்பு என்பதுதான் நிலை. புதிதாக எண் வாங்கியவர் எந்தத் தப்பும் செய்யாமலே வாட்ஸ்அப் பதிவு செய்தால் உங்கள் கணக்கு மூடும், உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். ஆகவே சிம்மை உயிரோடு வைத்திருங்கள். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் "சேஞ்ச் நம்பர்" கொடுத்து அங்குள்ள எண்ணுக்கு மாற்றிவிடுங்கள், வங்கியிலும் சொல்லிவிடுங்கள். ஹயாத்தில் இல்லாத வாப்பாவின் எண்ணில் இன்னும் உம்மாவின் வாட்ஸ்அப் ஓடுகிற வீடுகளும் உண்டு. சிம் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். எண் தொலைந்தால் டூப்ளிகேட் சிம் அவர்கள் பெயருக்குத்தான் கிடைக்கும்.

மீட்டுத் தருகிறேன் என்று வருகிறவர்கள் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறை. கணக்கு போய்விட்டது என்று எங்காவது எழுதினால் போதும், "2,000 ரூபாய் கொடுங்கள், ஒரு மணி நேரத்தில் எடுத்துத் தருகிறேன்" என்று பத்துப் பேர் வருவார்கள். கல்லூரிக்குப் போகும் தம்பி ஒருவர் அப்படிக் கொடுத்து, பணமும் போய், ஆதார் நகலும் போய் எங்களிடம் வந்தார். வாட்ஸ்அப்புக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ போன் போட்டுப் பேசுகிற கஸ்டமர் கேர் எண் கிடையாது. தேடினால் கிடைக்கும் எண் திருடனுடைய எண்.

பணம் போயிருந்தால் 1930. இதை மனப்பாடம் செய்யுங்கள். அனுப்பியவர் பெயரில், எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்த வங்கியிலிருந்து, அந்தப் பரிமாற்ற எண் என்ன என்று கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். பணம் திருடனின் கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைப்பதுதான் அவர்கள் வேலை. அதனால்தான் நிமிடக் கணக்கு. குவைத் சிம்மிலிருந்து 1930 கிடைக்காது என்பதால் எங்கள் தம்பி அவன் வங்கிக்கு நேராகப் பேசினான், இணையதளத்திலும் பதிந்தான். அவன் இரண்டாவதாக அனுப்பிய 15,000 நிறுத்தப்பட்டுப் பின்னால் திரும்ப வந்தது. முதலில் அனுப்பிய 25,000 வரவில்லை. பெரியம்மாவின் 3,000 ரூபாயை என் தங்கை தன் கையிலிருந்து கொடுத்தாள். அவர்கள் வாங்க மறுத்தார்கள், வற்புறுத்திக் கொடுத்தோம்.

பணம் போகாவிட்டாலும் புகார் கொடுங்கள். கடலூரில் ஒரு பெரியவர் கேட்டார், "என் பேஸ்புக்கில் எவனாவது வேண்டாத பதிவு எதையாவது போட்டுவிட்டால், நான்தானே மாட்டுவேன்?" நியாயமான பயம், நம் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாகவே உண்டு. அதற்காகத்தான் சொல்கிறேன், எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கணக்கு கைவிட்டுப் போனது என்று நீங்களே முதலில் பதிந்துவைத்தால் அந்த ஒப்புகை எண் உங்கள் கையில் இருக்கும். அடுத்தவர் பாஸ்வேர்டைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66 சி பிரிவின்படியும், கம்ப்யூட்டர் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66 டி பிரிவின்படியும் குற்றம். இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நமக்குக் கடலூர் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் ஆகும் என்று யோசிக்கிறவர்கள் இணையதளத்தில் பதியலாம். உபேந்திரா வழக்கில் புகார் கொடுத்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பீகாரிலிருந்து ஒருவரைப் பெங்களூரு போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தது.

நிறுவனம் பதிலே சொல்லவில்லை என்றால், அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2021 விதிகளின்படி இந்தியாவில் அப்படி ஒருவரை வைத்தே ஆக வேண்டும். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையம் வழியாகவே போகலாம். மனு எழுத அலுவலகத்தில் உதவுகிறோம்.

பூட்டுப் போடும் வேலை பத்து நிமிடம்தான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் "அக்கவுண்ட்", அதில் "டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்". ஒரு 6 இலக்கப் பின் வையுங்கள், ஈமெயிலும் கொடுங்கள். பிறந்த தேதி, வண்டி நம்பர் வேண்டாம். இது இருந்தால் ஓடிபியை ஏமாந்து கொடுத்தாலும் அவனால் அத்தோடு உள்ளே வர முடியாது. இன்ஸ்டாகிராம், பேஸ்புக், ஜிமெயில் மூன்றிலும் இதுபோல இருக்கிறது. அங்கே தரும் பேக்கப் கோடுகளைப் போனில் வைக்காமல் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில் வையுங்கள்.

வீட்டுக்குள் ஒரு கேள்வியும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது பணம் கேட்டுச் செய்தி வந்தால் எங்கள் நன்னி வளர்த்த ஆட்டின் பெயரைக் கேட்போம். சிரிக்காதீர்கள், அது எந்தப் பேஸ்புக்கிலும் கிடையாது. இன்றைக்குக் குரலையே நகல் எடுக்கிறார்கள், வாய்ஸ் மெசேஜ் வந்ததால் நம்பினேன் என்பது இனி செல்லாது. நாமே திரும்பப் போன் செய்து பேச வேண்டும். அதுவும் சாதாரண கால்.

அறக்கட்டளைக்கும் இது பொருந்தும். ஜகாத், ஸதகா, மருத்துவ உதவி என்று எங்கள் பெயரில், ஏன் எங்கள் நிர்வாகி நம்பரிலிருந்தே வந்தாலும், யாருடைய தனிப்பட்ட யுபிஐக்கும் அனுப்பாதீர்கள். அலுவலகத்துக்குப் போன் செய்து கேளுங்கள். கேட்பதால் எங்களுக்கு வருத்தம் வராது. ஒரு நோயாளிக்குப் போக வேண்டிய பணம் திருடனுக்குப் போய்விட்டால் அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

கூட்டம் முடிந்ததும் பின்பக்கம் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். பெண்கள் பக்கம் சகோதரிகள் இருக்கிறார்கள். போனைக் கொண்டு வந்தால் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் எங்கே இருக்கிறது என்று காட்டுவார்கள். பின் எண்ணை நீங்களே அழுத்துங்கள். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பிக்கொள்ளாவிட்டால் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.